முதல் விலை

எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, யார் சொன்ன எண்ணையும் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டதில்லை. விலையில் அப்படி இருந்தால் வியப்பில்லை. அவர் மீன் வியாபாரி. ஆனால் தன் ரத்தத்திலிருந்த சர்க்கரையைக்கூட அவர் பேரம் பேசியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சின்னமனூரில் எங்கள் தெருமுனை டாக்டரிடம் ஒருமுறை துணைக்கு என்னை அழைத்துப் போனார். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "முந்நூறு இருக்கும்மா" என்றார்.

"முந்நூறா? ஒரு இருநூத்தம்பது போட்டுக்கங்க டாக்டர்."

"போட்டுக்கிறதா? இது உங்க ரத்தத்துல இருக்கிறதும்மா."

"இருந்துட்டுப் போகட்டும். எழுதுறது நீங்கதான? மாத்திரை எத்தன?"

"மூணு வேளை."

"ரெண்டு வேளை போடுறேன். மூணாவதுக்கு நடந்துக்கிறேன்."

டாக்டர் உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் தரையில் பதித்திருந்த கற்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணாமல் இருக்கத் தெரியாதவன் நான். புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அறுவடைக்கு நிற்கும் வயலில் கயிறு கட்டி ஒரு துண்டு நிலத்தை அளந்து, அதில் விளைந்த நெல்லை நிறுத்து, அதை வைத்து வட்டாரம் முழுவதற்கும் விளைச்சல் இவ்வளவு என்று சொல்வது என் வேலை. ஒரு பிடியைப் பார்த்து ஒரு களத்தைச் சொல்ல வேண்டும். வேலை முடிந்தும் பழக்கம் முடியவில்லை. விடியற்காலையில் குமுளி மலைக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளை வாசலில் நின்று எண்ணுவேன். குறைந்தால் ஏன் குறைந்தது என்று கவலை. கூடினால் அந்த வளைவுகளில் எப்படிப் போய்ச் சேரும் என்று கவலை. என் மனைவி இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அந்த அம்மா போடி கடைவீதியில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். கணவர் இறந்த பிறகு மீன் வியாபாரத்துக்கு வந்தார். ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம் கட்டியிருப்பார். பவுடர் வாசனையும் மீன் வாசனையும் சேர்ந்து அவருக்கு முன்னால் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நீண்டால், போதகரிடம் வெளியே வந்து, "அய்யா, அந்தக் கடைசி ரெண்டு பாட்ட ஒண்ணாக்கியிருக்கலாம்" என்பார். ஜெபத்திலும் அப்படித்தான். எங்கள் சுவர் வழியாகக் கேட்கும். "கர்த்தாவே, நான் ஒரு வண்டி கேட்டேன். முடியலைன்னா அர வண்டியாவது குடும். அரையும் முடியாதுன்னு மட்டும் சொல்லிராதேயும்."

"மொத வெல எப்பவும் பொய்யி, அண்ணே" என்பார் என்னிடம். "சொல்றவனுக்கும் அது பொய்யின்னு தெரியும். கேக்குறவனுக்கும் தெரியும். நாம ஏத்துக்கிட்டோம்னா அவனுக்குத்தான் அசிங்கம்."

மதுரையிலிருந்து வரும் ஆட்களோடு அவர் வாயால் விலை பேசுவதில்லை. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி விரல்களைப் பிடித்து விலை சொல்வார்களே, அந்த முறையை அவர் தன் முந்தானைக்குள் செய்வார். வெளியே இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே விரல்கள் மடங்கி நீளும். இழுபறியானால் பக்கத்தில் நிற்கும் மூன்றாவது ஆள் ஒருவர் நடுவில் ஒரு எண்ணைச் சொல்வார். அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது. பேசினால் நடுவில் நின்றவருக்கு மரியாதைக் குறைவு. பக்கத்து வீட்டுக்காரன், படித்தவன், எதையும் எண்ணுகிறவன் என்பதால் அந்த இடம் பல தடவை எனக்கு வந்தது. வரும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

அவருடைய முக்கியமான சரக்கு அயிரை. விரல் நீளம்கூட இல்லாத மீன். குழம்புக்கு அதைவிட ருசி கிடையாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வோம். செத்துப் போனால் விலை போகாது. ஆகையால் தண்ணீர் நிறைந்த டிரம்மில், பேட்டரியில் காற்று ஊதும் ஒரு சின்ன மெஷினை வைத்து, உயிரோடு மதுரை ஓட்டல்களுக்கு அனுப்புவார். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் அணைத் தண்ணீர் திறந்து, வாய்க்கால்களில் புதுத்தண்ணீர் வந்ததும் அயிரை எதிர்நீச்சல் போட்டு ஏறும். அப்போதுதான் வேட்டை. வாய்க்கால் கண்மாயில் சேரும் இடத்தில் வலை போடுவார்கள். மீன் அத்தனை சிறியது என்பதால் வலைக்கண்ணும் கொசுவலை மாதிரி இருக்கும். வலைக்காரர்கள் எல்லாருமே அவருக்குத்தான் கொடுத்தார்கள். வேறு வண்டி அப்போது கிடையாது. அந்த வாய்க்காலில் எப்போது வலை இறங்கும், எப்போது ஏறும் என்பது அவர் வாயிலிருந்து வரும் சொல்லில் இருந்தது.

அந்தக் காலத்தில்தான் ஒரு கல்லூரி ஆசிரியை வந்தார். விலங்கியல் சொல்லித் தருபவர். நாற்பது வயது இருக்கும். வியாபாரத்துக்காக இப்படி மீன் பிடிப்பதால் வாய்க்காலுக்கும் கண்மாய்க்கும் என்ன கேடு வரக்கூடும், எவ்வளவு வரக்கூடும் என்று மதிப்பிட்டு அரசாங்கத்துக்கு எழுதித் தர வேண்டிய பொறுப்பு அவருக்கு. அந்த அம்மாவின் டிரம்களைப் பார்க்க வேண்டும் என்றார். நான் கூட்டிப் போனேன்.

கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து, வலையிலிருந்து வந்ததைக் கொட்டி அயிரையை மட்டும் பொறுக்கி டிரம்மில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சம் தார்ப்பாயில் கிடந்தது. காய்ந்த பிறகு அது கோழித் தீவனத்துக்குப் போகும். ஆசிரியை, இன்னும் பொறுக்காத குவியலிலிருந்து ஒரு குவளை கேட்டார். எங்கள் வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்த ஒரு வெள்ளைத் தட்டில் அதைப் பரப்பி என்னிடம், "சார், நீங்க ஒரு பக்கம் எண்ணுங்க, நான் ஒரு பக்கம் எண்ணுறேன்" என்றார். என் பழைய வேலைதான். ஒரு பிடியை வைத்து ஒரு களம். ஒரு அயிரைக்கு மற்ற மீன்களின் குஞ்சு மூன்று என்று இருவருக்கும் ஒரே கணக்கு வந்தது.

"இதெல்லாம் குப்பைம்மா" என்றார் அந்த அம்மா.

"இது விரால் குஞ்சு. இது கெண்டை. இது ஆரால். இந்தா, இது கெளுத்தி" என்று ஆசிரியை ஒரு குச்சியால் தள்ளித் தள்ளிக் காட்டினார். "வளர்ந்தா நீங்களே கிலோ கணக்குல விக்கிற மீனு."

அந்த அம்மா குனிந்து பார்த்தார். தேநீர் வந்தது. பிறகு ஆசிரியை தான் என்ன எழுதப் போகிறேன் என்பதைச் சொன்னார்.

"புதுத்தண்ணி வந்த நாள்ல இருந்து ஆறு வாரம் யாரும் வலை இறக்கக் கூடாது. மீன் ஏறி, முட்டை விட்டு, குஞ்சு தேறி ஆழத்துக்குப் போகணும். நான் எழுதுறது எழுதுறதுதான். ஆனா நீங்க சொன்னாத்தான் இங்க நடக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. அதனால உங்ககிட்ட கேக்கிறேன்."

"ஆறா! ஆத்தா, நான் பொழைக்கணுமா வேணாமா? ஒண்ணு."

"ஒண்ணுன்னா?"

"ஒரு வாரம். நீ மெனக்கெட்டு வந்திருக்க, அதுக்காகச் சொல்றேன்."

"அம்மா, இது விலை இல்ல. நான் கூட்டிச் சொல்லல."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாக. சரி, ஒண்ணர."

"மூணு வாரம்னாகூடப் பிரயோசனம் இல்லம்மா. அப்பத்தான் குஞ்செல்லாம் கரையோரமாக் கூட்டமா, உங்க வலைக்கு ஏத்த அளவுல நிக்கும். பாதி நாள் விட்டா பாதி பொழைக்கும்னு கணக்கு இல்ல."

"பாத்தீகளாண்ணே, மூணுக்கு வந்துட்டாக!" என்று அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நான் ரெண்டு. நடுவுல நீங்க சொல்லுங்க."

ஆசிரியை சொன்னது எனக்குப் புரிந்திருந்தது. ஒரு வயலில் பாதியை அளந்து பாதி உண்மையைச் சொல்ல முடியாது என்று தெரிந்தவன் நான். ஆனால் இரண்டு முகங்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"மூணு" என்றேன்.

அந்த அம்மா கையைத் தட்டினார். "சரி, மூணு. அண்ணன் சொன்ன பெறகு பேச்சில்ல. ஆத்தா, நீயும் இனிமே பேசக் கூடாது." ஆசிரியை கொஞ்ச நேரம் அந்தத் தட்டையே பார்த்தார். "ஒண்ணுமே இல்லாததுக்கு இது பரவாயில்லைன்னு வீட்டுக்குப் போய் நினைச்சுக்கிறேன்" என்றார். அவருடைய அறிக்கையில் ஆறு என்றுதான் எழுதினாராம். அது எந்த அலுவலகத்தில் எந்த அலமாரியில் இருக்கிறதோ. வாய்க்காலில் மூன்று என்று ஆனது. போகும்போது அந்த அம்மா ஒரு தூக்குவாளி நிறைய உயிர் அயிரையை அவர் கையில் திணித்து அனுப்பினார். ஆசிரியை வேண்டாம் என்றார். அந்தப் பேரத்திலும் அவர்தான் தோற்றார்.

அந்த வாரம் எங்கள் வீட்டுக்கும் அயிரை வந்தது. என் மனைவி வைத்த குழம்பில் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

அடுத்த புதுத்தண்ணீருக்கு, சொன்ன சொல் தவறாமல் மூன்று வாரம் வலை இறங்கவில்லை. நாலாவது வாரம் முதல் நாள், டிரம்மெல்லாம் நிறைந்து வழிந்தது. தார்ப்பாய் போதாமல் சாக்கு விரித்தார்கள். அன்று சாயங்காலம் அந்த அம்மா ஒரு குவளையோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, அந்தத் தட்டு இருக்கா? இத எண்ணிச் சொல்லுங்க."

எண்ணினேன். ஒன்றுக்கு ஏழு.

"செத்து வந்ததச் சேக்காதீக. இது வலையில வர்றதுக்கு முந்தியே செத்தது."

"எல்லாமே இப்பச் செத்ததுதாம்மா."

"சரி, ஒண்ணுக்கு அஞ்சுன்னு வச்சுக்கலாமா?"

நான் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு தினமும் குவளை வந்தது. ஒவ்வொரு நாளும் வேறு இடத்திலிருந்து எடுத்து வருவார், எண் குறைகிறதா என்று பார்க்க. எண்ணை வைத்துத் தன்னை நிம்மதியாக்கிக்கொள்ள வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் கூடுமானவரை அயிரையாகத் தெரிந்ததையெல்லாம் அயிரைப் பக்கமே தள்ளினேன். எண் குறையவில்லை.

ஒருநாள் காலையில் என்னைக் கண்மாய்க்கு இழுத்துக்கொண்டு போனார். என் முழங்கால் அதற்கு ஒத்துழைக்கவில்லை, அதைச் சொன்னேன், காதில் வாங்கவில்லை. வாய்க்கால் வந்து சேரும் இடத்தில், தெளிந்த தண்ணீரில் ஒரு பெரிய விரால் சுற்றிக்கொண்டிருந்தது. விரால் தன் குஞ்சுகளை விட்டுப் போகாது. குஞ்சுகள் சிவப்பாக ஒரு கூட்டமாக மேலே மிதக்கும். அது அடியில் காவல் நிற்கும். முந்தின நாள் வலையில் அந்தச் சிவப்புக் கூட்டம் மொத்தமாக ஏறிவிட்டது. தாய் மட்டும் கீழே வழுக்கிப் போய்விட்டது. இப்போது அதே இடத்துக்கு வந்து, வட்டம் போட்டு, நின்று, மறுபடியும் வட்டம் போட்டது.

"நேத்து சாயந்தரத்துல இருந்து சுத்துதுண்ணே. ஏதாவது கேட்டா நல்லாருக்கும். நூறுல பத்துக் குடுன்னா குடுத்திருவேன். ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது."

எத்தனை சுற்று என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். நானாக ஒரு எண்ணிக்கையைப் பாதியில் விட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான்.

அந்த வருடம் அவர் ஆசிரியையைத் தேடினார். கல்லூரியில் கேட்டால் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். "பேரத்தத் திருப்பணும்ணே. ஆறுக்கே ஒத்துக்கிறேன்னு சொல்லணும். யார்ட்டப் போயிச் சொல்ல?" என்று என்னையே கேட்டார்.

இனி வலைக்காரர்களிடம்தான் சொல்ல முடியும் என்றேன். அடுத்த தண்ணீர் திறப்பதற்கு முன்னால் கண்மாய்க்கரையில் எல்லாரையும் கூப்பிட்டார். நானும் போனேன். அதற்குள் ஊர் மாறியிருந்தது. மதுரை வண்டி ஒன்று நேராக வாய்க்கால் மேட்டுக்கே வர ஆரம்பித்திருந்தது.

"இந்தத் தடவ ஆறு வாரம்" என்றார்.

வலைக்காரர்களில் மூத்தவர் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "என்னக்கா, மூணுன்னு நீதான பேசி முடிச்ச?"

"அது தப்பா முடிச்சது."

"நீ தப்பா முடிச்ச பேரம் இன்னொண்ணு சொல்லு, கேப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. "நான் வாங்க மாட்டேன்ல. ஆறு வாரத்துக்கு ஒரு அயிரை வாங்க மாட்டேன்."

"வேணாம்க்கா. மதுர வண்டி இங்கனயே வந்து அள்ளிட்டுப் போகுது."

"ஏலே, இதுல எனக்கென்னடா லாபம்? எனக்கு நட்டந்தான?"

"அதத்தான் நாங்களும் யோசிக்கிறோம்" என்றார் பின்னால் நின்ற ஒருவர். "எங்கள ஆறு வாரம் உக்கார வச்சிட்டு, அக்கா மட்டும் அங்கன எங்கயோ வல போடப் போகுது."

"சத்தியமாச் சொல்றேன். குஞ்செல்லாம் போகுதுடா. அண்ணன்ட்டக் கேளு. அவுக எண்ணிப் பாத்திருக்காக."

மூத்தவர் பீடியைப் பற்ற வைத்தார். "சரி, உன் பேச்சத் தட்ட வேணாம். மூணர."

"ஆறு."

"கொஞ்சமாச்சும் எறங்கணும்லக்கா. மொத வெலையிலயே நிக்கலாமா? நீ சொல்லிக் குடுத்ததுதான?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், நடுவுல நீங்க ஒண்ணு சொல்லுங்க. உங்க பேச்சுக்கு நாங்க கட்டுப்படுறோம்."

"ஆறு" என்றேன்.

பெரிய சிரிப்பு எழுந்தது. "சார் வீட்டுக்கு அயிரை போயிருச்சுடா!" என்றார் ஒருவர். அது பொய்யும் இல்லை. எத்தனையோ முறை போயிருந்தது.

கடைசியில் அந்த அம்மா முந்தானையை விரித்து மூத்தவரின் கையை உள்ளே இழுத்தார். வெளியே யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லை. வெகுநேரம் அவர் தோள் அசைந்துகொண்டிருந்தது. உள்ளே எத்தனை தடவை ஆறு என்று விரல் நீட்டினாரோ, எத்தனை தடவை அதை அந்த மனிதர் மடக்கினாரோ எனக்குத் தெரியாது. கை வெளியே வந்தபோது, நாலு என்று மூத்தவர் சொன்னார்.

வாழ்நாளில் முதல் தடவையாக அந்த அம்மா தனக்கு நட்டமாகப் பேரம் பேசினார். அதில் அவருக்குக் கிடைத்தது ஒரு வாரம்.

கரை வழியாகத் திரும்பி வந்தோம். அவர் வேகமாக நடப்பவர். அன்று என் முழங்காலுக்குத் தக்கபடி நடந்தார். பாதி வழியில் நின்றார்.

"எல்லாம் அந்தப் பிள்ளையாலதாண்ணே" என்றார்.

"எந்தப் பிள்ளை?"

"அந்தக் காலேஜ் டீச்சர். பத்துன்னு சொல்லிட்டு வந்து ஆறுக்கு எறங்கியிருக்கலாம்ல? எட்டுன்னாவது சொல்லியிருக்கலாம்ல? நான் அடிச்சு அடிச்சு ஆறுல கொண்டாந்து நிறுத்தியிருப்பேன். எடுத்த எடுப்புல உண்மையச் சொல்லிட்டாளேண்ணே. மொத வெலையா உண்மையச் சொன்னா, அத எப்படி நம்புறது?"

குரல் கோபமாகத்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஆறு வாரமும் அவர் யாரிடமும் அயிரை வாங்கவில்லை. டிரம்களைக் கவிழ்த்து வைத்திருந்தார். நாலாவது வாரம் முடிந்ததும் மதுரை வண்டியின் ஹாரன் சத்தம் எங்கள் தெருவரை கேட்டது. இரண்டு வருடம் அப்படி இருந்து பார்த்துவிட்டு, வியாபாரத்தை விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போனார். அங்கேயே காலமானார். போவதற்கு முந்தின நாள் அந்த வெள்ளைத் தட்டை என்னிடம் கேட்டார். அது எங்கள் வீட்டுத் தட்டு. இருந்தாலும் கொடுத்தேன். விலை எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

இப்போதும் வாய்க்காலில் நாலு வாரம்தான். தண்ணீர் வந்த நாளிலிருந்து நான் எண்ணுவேன். நாலு முடிந்ததும் வலைகள் இறங்கும். கடையில் அயிரை வந்துவிடும், பொறுக்கிச் சுத்தமாக, மற்ற குஞ்சு ஒன்றுகூடக் கலக்காமல். மீதி இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் மீன் வாங்குவதில்லை. அதனால் ஒரு கெண்டைக் குஞ்சுகூடப் பிழைக்கப் போவதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.